ஸ்பீடோமீட்டர் கேபிளின் இன்னொரு முனை

கதிரு,

நேற்று நீ போனில் அனுப்பியிருந்த வரியைப் பார்த்தேன். "முள் ஆடுது. மெதுவாப் போனா ரொம்ப ஆடுது. என்ன செய்யணும்?" கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறாய். பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "மீட்டர் சரியில்லை" என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை. எந்த வேகத்தில், எந்தப் பக்கம், கிலோமீட்டர் எண் நகருகிறதா இல்லையா என்று நான்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். உனக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். கேபிளைக் கழற்று, பார், கெட்டிருந்தால் மாற்று. அப்படித்தான் அடித்தேன். பிறகு அழித்துவிட்டேன். அம்மா போனதற்கு அப்புறம் நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. நான் ஒரு வரி அனுப்பினால் நீ 'சரி' என்று அனுப்புவாய். அதோடு முடிந்துவிடும். அதனால் காகிதத்தை எடுத்தேன். வண்டிக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கும். மற்றதும் கொஞ்சம் இருக்கும். மற்றதைப் படிக்கப் பிடிக்காவிட்டால் தாண்டிப் போ, வண்டி வேலைக்கு அதனால் பழுது வராது.

நீ கார் வாங்கிய விஷயமே மல்லாங்கிணறு மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன மாதம் வத்தல் மூட்டைகளை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வழக்கம்போலப் பட்டறைக்கு வந்தார். தோளில் கிடந்த துண்டை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"மாப்ளே, ஒங்க மகன் காரு வாங்கியிருக்கான், தெரியுமா?"

"என்ன காரு மச்சான்?"

"பழைய அம்பாசிடரு. பொள்ளாச்சிப் பக்கம் எவனோ தோப்புக்குள்ள தென்னமட்டைக்கு அடியில போட்டு வச்சிருந்தானாம். பின் சீட்டுல கோழி அடை படுத்திருந்துச்சாம். கோழிய எறக்கி விட்டுட்டு, இவனும் கூட வேல பாக்குற பயலும் சேந்து கோயமுத்தூருக்கு ஓட்டிட்டுப் போயிருக்கானுக."

உன் அம்மா இருந்திருந்தால் கோழி என்ன ஆச்சு என்று கேட்டிருப்பாள். நான் "மார்க் ஒண்ணா, மார்க் டூவா?" என்று கேட்டேன். மாமா என்னை ஒரு மாதிரி பார்த்து, "டூன்னுதான் சொன்னான்" என்றுவிட்டுத் தண்ணீர்ப் பானைப் பக்கம் போய்விட்டார்.

நேற்று உன் செய்தி வந்தபோதும் அவர் இங்கேதான் இருந்தார். "என்ன கேக்கான்?" என்றார். சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. வண்டியத் தூக்கிட்டு இங்கன வாலேன்னு போடுங்க. அடுத்த மாசம் தங்கச்சிக்குத் தலைத் தெவசம். பெத்த மகன் இல்லாம எவன் எள்ளும் தண்ணியும் எறைக்க? நானா எறைக்க முடியும்?"

"அவன் முள்ளப் பத்தித்தான் கேட்டிருக்கான், மச்சான்."

"சரியாப் போச்சு. அப்பனும் மகனும் ஒரே அச்சுல வார்த்த ஆளுக. வீட்டுல தீ பிடிச்சாலும் எத்தன டிகிரின்னுதான் கேப்பீக."

திவசத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒன்றும் எழுத மாட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். மேலே உள்ளது அவர் பேசியது. நான் எழுதியதாக எடுத்துக்கொள்ளாதே.

இனி வண்டி. முதலில் பழுது எங்கே என்று பிரித்துக்கொள். முள்ளும் நகரவில்லை, கிலோமீட்டர் எண்ணும் நகரவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கியர் பாக்ஸில் கேபிளைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். எண் நகர்கிறது, முள் மட்டும் படுத்துக் கிடக்கிறது என்றால் கேபிள் நன்றாக இருக்கிறது, மீட்டருக்குள்தான் கோளாறு. முள் ஒரேயடியாக மேலே போய் நின்றுகொண்டால் மீட்டருக்குள் கிரீஸ் ஏறியிருக்கும். உன்னுடையது இது எதுவும் இல்லை. மெதுவாகப் போகும்போது ஆடி, வேகம் எடுத்தால் கொஞ்சம் அடங்குகிறது என்றால் கேபிள் காய்ந்திருக்கிறது, இல்லையென்றால் எங்கேயோ மடங்கியிருக்கிறது. உள்ளே ஓடும் கம்பியை நாங்கள் இன்னர் என்போம், அதை மூடியிருக்கும் குழாயை அவுட்டர் என்போம். இன்னர் ஒற்றைக் கம்பி இல்லை. மெல்லிய எஃகுக் கம்பிகளை ஒரு சுற்று வலப்பக்கமாகவும் அதன்மேல் ஒரு சுற்று இடப்பக்கமாகவும் மாற்றி மாற்றிச் சுற்றியது. கியர் பாக்ஸ் இந்த முனையைத் திருப்பினால் அந்தத் திருப்பு அப்படியே மீட்டருக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் எங்காவது மடங்கியிருந்தால் திருப்பு அங்கே தேங்கி நிற்கும், பிறகு சட்டென்று துள்ளும். அந்தத் துள்ளலைத்தான் நீ முள்ளில் பார்க்கிறாய். முள் மேல் தப்பு இல்லை.

மீட்டருக்குப் பின்னால் கையை விட்டால் வரி போட்ட வட்ட நட்டு ஒன்று தட்டுப்படும். கையாலேயே கழற்று. பிளையர் கொண்டுபோகாதே, அந்த நட்டு மெல்லிய பித்தளை, நசுங்கினால் கிடைக்காது. அவுட்டரைக் கீழே இழுத்தால் இன்னரின் சதுர முனை தெரியும். மெதுவாக உருவு. முழுதாக வந்தால் நல்லது. பாதியில் அறுந்து வந்தால் மீதியைக் கீழே கியர் பாக்ஸ் பக்கமிருந்து எடுக்க வேண்டும். எடுத்ததை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஒரு கண்ணாடிப் பலகை மேல் போட்டு உள்ளங்கையால் உருட்டு. ஒழுங்கான இன்னர் பென்சில் மாதிரி உருளும். மடங்கியது குதிக்கும். குதித்தால் யோசிக்காதே, நிமிர்த்திப் பார்க்கிறேன் என்று சுத்தியலையும் எடுக்காதே. அதன் ஆயுசு முடிந்தது. குதிக்காமல் உருண்டால் கிராஃபைட் கலந்த கிரீஸை லேசாகத் தடவு. கீழிருந்து முக்கால் பாகத்துக்குத் தடவினால் போதும். மேல் முனையில் ஒரு சாண் காய்ந்தே இருக்கட்டும். சுற்றச் சுற்ற கிரீஸ் தானாக மேலே ஏறும். முழுக்கத் தடவினால் மீட்டருக்குள் போய் முள்ளைப் பிடித்துக்கொள்ளும்.

கிராஃபைட் என்று எழுதும்போது பரமசிவம் அண்ணாச்சி ஞாபகம் வருகிறது. நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி வீட்டு டிரைவர், தீபாவளிக்கு உனக்குக் கம்பி மத்தாப்புப் பெட்டி கொண்டுவந்து தருவாரே, அவர்தான். அந்த முதலாளி வீட்டிலும் உன்னுடையது மாதிரியே ஒரு மார்க் டூ இருக்கிறது. ஆயுதபூஜைக்குப் பொட்டு வைக்கவும், வீட்டுக் கல்யாணத்துக்குப் பெண்ணை அழைத்து வரவும் மட்டும்தான் வெளியே எடுப்பார்கள். போன வருஷம் அந்த வண்டியைக் கொண்டுவந்தார். முள் பேயாட்டம் ஆடியது. கேபிளை உருவினால் பாதியில் சிக்கிக்கொண்டது. ஒருவழியாக எடுத்துப் பார்த்தால் இன்னர் முழுக்கக் கறுப்பாக இருந்தது. கிராஃபைட் தடவியிருக்கிறார் என்று நினைத்தேன். விரலில் வைத்துத் தேய்த்தேன். நறநறவென்று இருந்தது.

"என்னத்தத் தடவுனீக அண்ணாச்சி?"

"நீங்க சொன்னதுதான். கரி கலந்த கிரீசு."

"எந்தக் கரி?"

"எங்க கம்பெனில இல்லாத கரியா? மருந்துக்குச் சலிச்சு வச்சிருந்தாக. மாவு கணக்கா அம்புட்டு நைசு. ஒரு கை அள்ளிக் கொழைச்சேன்."

உன் அம்மா அப்போது டீ டம்ளர்களை வாங்கிப் போக வந்திருந்தாள். அவள் கல்யாணத்துக்கு முன்னால் நாரணாபுரத்தில் பெட்டி ஒட்டும் வேலைக்குப் போனவள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கரியோட நிறுத்தினீகளே அண்ணாச்சி. வெடியுப்பும் கந்தகமும் சேத்துக் கொழைச்சிருந்தா ஒங்க மொதலாளி வண்டி நேரா வானத்துக்குப் போயி பூ விட்டிருக்கும்."

"சும்மா இருங்க மதினி. ஏற்கனவே மொதலாளி மொறைச்சுக்கிட்டுத் திரியிதாக. நீங்க வேற திரியக் கொளுத்தாதீக."

வேறு ஊரில் இந்தத் தப்பைச் செய்ய ஆள் இருக்காது. மற்ற ஊரில் அரைத்துச் சலித்த கரித்தூள் கைக்கெட்டும் இடத்தில் கிடைக்காது. பென்சிலுக்குள் இருக்கும் கரி தகடு தகடாக ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். விறகுக் கரி எத்தனை நைசாக அரைத்தாலும் மணல்தான். காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அந்தக் கேபிளை உள்ளிருந்தே ராவித் துருப்பிடிக்க வைத்துவிட்டது. புதிதாக ஒன்று செய்துதான் ஆக வேண்டும் என்றேன். செய்ய உட்கார்ந்தோம். அந்தக் கேபிளுக்குக் கடைசியில் வருகிறேன்.

'உட்கார்ந்தோம்' என்று எழுதியது கை தவறி அல்ல. கேபிள் செய்வது இரண்டு பேர் வேலை. இன்னரை அவுட்டருக்குள் விட்டபின் ஓடுகிற ஓட்டம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒருவர் ஒரு முனையை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மெதுவாகத் திருப்ப வேண்டும். மற்றவர் அடுத்த முனையை விரலில் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இங்கே திருப்பும் அதே நேரம் அங்கே திரும்பினால் கேபிள் நன்றாக இருக்கிறது. தேங்கித் துள்ளினால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கல்யாணமான புதிதில் டீ கொண்டுவந்தவளிடம் "இந்த முனையை ஒரு நிமிசம் பிடி" என்றேன். அன்றிலிருந்து இந்தப் பட்டறையில் செய்த எல்லாக் கேபிளுக்கும் அடுத்த முனை அவள்தான். கை கிரீஸாகிறது என்று பழைய நீலச் சேலையில் கிழித்த துணி ஒன்றை வைத்திருப்பாள். நான் "சுத்துதா?" என்பேன். "சுத்துது" என்பாள். இல்லையென்றால் "நிக்குது" என்பாள். இதற்காக அவள் எதையும் நிறுத்தமாட்டாள். ஒரு கையில் கேபிளும் ஒரு கையில் போனுமாக அவள் அண்ணனிடம் பேசிக்கொண்டிருப்பாள். "மழ பேஞ்சுச்சாண்ணே, கம்மாய்க்குத் தண்ணி வந்துச்சா, நிக்குதுங்க, மறுபடி திருப்புங்க, இல்லண்ணே, ஒன்னயச் சொல்லல, வரப்பு வெட்டியாச்சா?" மாமாவுக்கு எங்கே கேள்வி, எங்கே கேபிள் என்று கடைசிவரை பிடிபடவில்லை.

நீ மூன்றாவது படிக்கும்போது நடந்தது ஒன்று சொல்கிறேன், வண்டிக்கும் அது உதவும். கேபிள் மாட்டியபின் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ரோட்டில் ஓட்ட வேண்டும். முள்ளை அறுபதில் நிறுத்திப் பிடித்தால் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குச் சரியாக ஒரு நிமிடம். மல்லாங்கிணறு ரோட்டில் கூட்டம் இருக்காது என்று அங்கேதான் போவோம். நான் ஓட்டுவேன், அம்மா கடிகாரத்தோடு முன் சீட்டில், நீ பின் சீட்டில். அன்றைக்கு வந்தது ஒரு டாக்டருடைய மோரிஸ் வண்டி. நிமிடம் முடிவதற்கு ரொம்ப முன்னாலேயே அடுத்த கல் வந்துவிட்டது. மீட்டர் குறைத்துக் காட்டுகிறது என்று முடிவு செய்து, புளியமரத்தடியில் நிறுத்தி மீட்டரைக் கழற்றி உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை லேசாகத் தளர்த்தினேன். திரும்ப ஓட்டினால் வேறு மாதிரி வந்தது. மறுபடி கழற்றினேன். வெயில் ஏறிக்கொண்டே போனது. நீ தண்ணீர் வேண்டும் என்று அழ ஆரம்பித்துவிட்டாய்.

"என்னங்க, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீகளே?"

"சொல்லு."

"அந்தா அந்தக் கல்லு மேல ஒருத்தரு கால் மேல கால் போட்டு உக்காந்து டீ குடிக்காரு. எந்தக் கவர்மெண்டு டீக்கடைக்கு முக்காலி போட்டுக் குடுக்கும்? போயிக் கேட்டுட்டு வாங்க."

போய்க் கேட்டேன். டீக்கடைக்காரர் கொஞ்சமும் சங்கடப்படவில்லை. "இதுவா? ரோட்ட அகலப்படுத்த வந்தவனுக பிடுங்கித் தள்ளிட்டுப் போயிட்டானுக. அங்கன சும்மா கெடந்துச்சு. உக்கார வாட்டமா இருக்கேன்னு நாங்க நாலு பேரு சேந்து உருட்டிட்டு வந்தோம். டீ போடட்டுமா? பயலுக்குப் பாலு தாரேன்." சரியாக இருந்த மீட்டரை நான் கெடுத்துவிட்டு, அதைத் திரும்பப் பழையபடி கொண்டுவர அன்றைய பொழுது முழுக்கப் போனது. வீட்டு வாசலில் இறங்கும்போது உன் அம்மா, "நாளைக்கு அந்தக் கல்லு பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போயிருச்சுன்னா என்ன செய்வீக?" என்றாள். நீ ஓட்டிப் பார்க்கும்போது இரண்டு கல்லுக்கு நடுவில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதே. ஐந்தாறு கல்லாவது தொடர்ந்து பார். மீட்டரைத் திறப்பது கடைசி வேலையாக இருக்கட்டும்.

இப்போது பரமசிவம் அண்ணாச்சியின் கேபிள். அன்று காலையில் மீட்டர் பக்கத்து முனையை டை என்கிற அச்சில் வைத்து அழுத்திச் சதுரமாக்கிவிட்டேன். கியர் பாக்ஸ் பக்கத்து முனையை அழுத்துவதற்கு முன்னால் சோதனை பார்க்க வேண்டும். நான் திருப்பினேன். அம்மா அடுத்த முனையில் இருந்தாள். "சுத்துது" என்றாள். பிறகு, "தல வலிக்கி, செத்த படுத்துட்டு வாரேன். வந்தபெறகு இன்னொரு தடவ பாத்துக்கிடுவோம்" என்றாள். அந்த முனையில் நீலத் துணியை முடிந்து, கேபிளை வட்டமாகச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். நான் வேறு வேலை பார்த்தேன். சாப்பிடக் கூப்பிடவில்லையே என்று உள்ளே போனபோது அவளுக்கு நினைவு இல்லை. இங்கே பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். நீ கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தபோது மூச்சு மட்டும் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் நடந்தது உனக்குத் தெரியும். கொஞ்சம் முன்னாலேயே நான் உள்ளே போய்ப் பார்த்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். எந்த வித்தியாசமும் இருந்திருக்காது என்றார். இதை உன்னிடம் சொன்னதில்லை. அவளுக்கு நாற்பத்திரண்டு வயது.

காடாத்து முடிந்து, அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்த மறுநாள் மத்தியானம். வீடு முழுக்கச் சனம். எல்லோரும் என்னிடம் ஏதாவது சொன்னார்கள். எனக்கு நாற்பத்தாறு வயதுதான் ஆகிறது, வாழ்க்கை முழுக்கக் கிடக்கிறது என்று ஒருத்தர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கை கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி அவள் போட்டோவைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எழுந்து பட்டறைக்குப் போனேன். கேபிள் ஆணியில் இருந்தது. துணி முடிந்தபடியே இருந்தது.

நீ நினைத்தது, முதலாளி வீட்டு வேலை நிற்கிறது, அதனால்தான் அப்பா போய் உட்கார்ந்துவிட்டார் என்று. பரமசிவம் அண்ணாச்சி துஷ்டி கேட்க வந்தபோதே, "வண்டி எப்பவும் போலக் கெடக்கட்டும்ணே, நீங்க அதப் பத்தி நெனைக்கவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். யாரும் என்னை வேலை செய்யச் சொல்லவில்லை. வந்து இன்னொரு தடவை பார்ப்போம் என்று அவள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பார்க்காத வேலையாக அது தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எடுத்து மேஜையில் வைத்து என் முனையைத் திருப்பினேன். அடுத்த முனை மேஜை ஓரத்தில் கிடந்தது. அது சுற்றுகிறதா நிற்கிறதா என்று என் இடத்திலிருந்து தெரியவில்லை. அப்போதுதான் நீ என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்தாய்.

நான் துணி கட்டிய முனையை நீட்டி, "ஏலே, இதப் பிடி" என்றேன்.

நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. திருப்பிச் சொல்வது உன்னைக் குத்திக்காட்ட அல்ல. "அம்மா எரிஞ்ச சூடு இன்னும் ஆறல. ஒங்களுக்குக் கம்பெனிக்காரன் காரு வேலை கேக்குதாப்பா? மனுசனாப்பா நீங்க?" கேபிளைத் தட்டிவிட்டாய். அது சுழன்று போய் டிரம்மில் அடித்துக் கீழே விழுந்தது. கருமாதி முடிந்த அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாய். அதன்பிறகு மாமாவுக்குப் போன் செய்வாய், எனக்குச் செய்யவில்லை. உன் கண்ணுக்கு அது ஒரு கேபிள். வேறு எப்படித் தெரிந்திருக்கும்? அது உன் அம்மா பிடித்துவிட்டு வைத்த முனை, அவளுக்கு அடுத்து அதைப் பிடிக்க நீதான் இருக்கிறாய் என்று எனக்குத் தோன்றியது. அது இவ்வளவு வார்த்தையாக அன்றைக்கு வாயில் வரவில்லை. இப்போது எழுதும்போதுதான் வருகிறது. 'இதப் பிடி' மட்டும்தான் வந்தது.

அண்ணாச்சிக்கு அடுத்த மாதம் வேறு கேபிள் செய்து கொடுத்துவிட்டேன். சோதனைக்கு இப்போது வேறு வழி வைத்திருக்கிறேன். அடுத்த முனையை மேஜை ஓரத்தில் ஒரு தாங்கியில் படுக்க வைத்து, அதில் சின்னக் காகிதக் கொடி ஒட்டி, அதற்கு எதிரில் ஒரு லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியை நிறுத்தியிருக்கிறேன். இங்கே உட்கார்ந்து திருப்பினால் கொடி சுற்றுவது கண்ணாடியில் தெரியும். நன்றாகவே வேலை செய்கிறது. இதுவரை ஒரு கேபிள்கூடத் திரும்பி வரவில்லை. மாமா ஒரு நாள் வந்து அந்தக் கொடியை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு, "இதுவும் என்கிட்ட மழ பேஞ்சுச்சான்னு கேக்குமா மாப்ளே?" என்றார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கேபிள் அறுந்த வண்டி நிற்காது, கதிரு. என்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரேக் பிடிக்கும், விளக்கு எரியும், மதுரைக்குப் போகச் சொன்னால் போகும். எண் மட்டும் ஒரே இடத்தில் நிற்கும். அப்படி ஓடிய வண்டியைக் கொண்டுவந்து எவ்வளவு ஓடியிருக்கும் என்று கேட்டால் சொந்தக்காரருக்கே தெரியாது. நான் சாப்பிடுகிறேன். கடை திறக்கிறேன். ஆர்டர் எடுக்கிறேன். உன் மாமா நான் இளைத்துவிட்டதாகச் சொல்வதை நம்பாதே.

உன் வண்டிக்கு வருகிறேன். கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்து இன்னர் நன்றாக இருந்தால் கிரீஸ் தடவி மாட்டிவிடு, வேறு செலவு இல்லை. அவுட்டர் எங்கேயும் இறுக்கமாக வளையக் கூடாது. சைலன்சர் குழாயைத் தொடக் கூடாது. மேலே இன்னரின் முனை அவுட்டரைத் தாண்டி ஒரு விரல் நக நீளம் வெளியே நிற்க வேண்டும். அதற்கு மேல் நீண்டால் மீட்டரைக் குத்தும், குறைந்தால் நழுவும். ஆனால் தோப்பில் அத்தனை காலம் நின்ற வண்டி. இன்னர் குதிக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

குதித்தால் புதிது வாங்காதே. நீ தட்டிவிட்ட அந்தக் கேபிள் இங்கே அதே ஆணியில் இருக்கிறது. கீழே விழுந்ததில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று இன்னரை உருவிக் கண்ணாடியில் உருட்டிப் பார்த்தேன். குதிக்கவில்லை. மார்க் டூவுக்குச் செய்தது, உன்னுடையதும் மார்க் டூ. மீட்டர் பக்கத்து முனை முடிந்துவிட்டது. கியர் பாக்ஸ் பக்கத்து முனையை அழுத்தாமல் வைத்திருக்கிறேன். இந்த வயதுள்ள வண்டிகளில் கியர் பாக்ஸை எத்தனை பேர் மாற்றியிருப்பார்களோ, நீளம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். வண்டியில் வைத்து அளந்தபிறகுதான் அந்த முனையை வெட்டி அழுத்தி மூட வேண்டும்.

வண்டி இங்கே வராமல் முடியாது என்று எழுதியிருந்தால் மாமா சந்தோஷப்பட்டிருப்பார். அது பொய். ஒரு நூலை அவுட்டர் போகும் வழியிலேயே விட்டு அளந்து, நீளத்தை எனக்கு அனுப்பினால் போதும். முனையை மூடி, கண்ணாடியில் கொடி பார்த்து, கூரியரில் போட்டுவிடுவேன். மறுநாள் உன் கையில் இருக்கும். நன்றாகவும் ஓடும்.

கொண்டுவருவதாக இருந்தால், வரும் வழியில் முள்ளைப் பார்த்து ஓட்டாதே, இப்போது அது சொல்வதில் நம்பிக்கை இல்லை. கல்லைப் பார்த்து ஓட்டு. மல்லாங்கிணறு டீக்கடைக் கல்லைத் தவிர. அளந்து முனையை மூடுவதற்கு முன்னால், அவள் சொன்ன இன்னொரு தடவையைப் பார்த்துவிடுவோம். லாரிக் கண்ணாடியை நான் எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறேன். துணி அந்த முனையில் கட்டியபடியே இருக்கிறது, அவிழ்க்கவில்லை. நான் இந்தப் பக்கம் திருப்புகிறேன். சுத்துதா, நிக்குதா என்று மட்டும் நீ சொல். வேறு எதுவும் பேச வேண்டியதில்லை.

அப்பா